அன்று சோறாக்கியது நான்

மகன் வேலுவுக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் இருவரும் இங்கே நடமாட்டமாகத்தான் இருக்கிறோம். நமுனுகுல மலை பத்து நாளாக முகம் காட்டவில்லை. மழை விட்டு விட்டுப் பெய்கிறது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி. அது மழையோடு வந்து மழையோடு போய்விடுவதால் அதை ஒரு நோயென்று அவள் ஒத்துக்கொள்வதில்லை. நீ வேலை பார்க்கிற பூனாகலைக் குளிருக்குக் கம்பளி வாங்கிக்கொண்டாயா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன். எனக்கு எழுத்து வரும், உட்கார்ந்து எழுதுகிற பொறுமைதான் வராது என்பது உனக்குத் தெரியும். கடிதம் இவ்வளவு நீளமாக இருக்கிறதே, அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று பயந்துவிடாதே. ஏதோ ஆகத்தான் செய்தது, ஆனால் நல்லதுதான்.

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. அதை நாலைந்து தடவை படித்துவிட்டேன். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, பரிசம் போட்டாயிற்று, புடவையும் எடுத்தாயிற்று. ராஜம் பதுளை ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்து, இங்கே நம் பக்கத்துத் தோட்டத்தில் மருத்துவச்சியாக இருக்கிற பெண் என்று தெரிந்துதான் நீ சம்மதித்தாய். இப்போது உங்கள் தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா உன்னைக் கூப்பிட்டு, கல்யாணமாகி இங்கேதானே வருகிறாள், அந்த வேலையை இங்கேயே பார்க்கட்டுமே என்று கேட்டிருக்கிறார். நீ அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலைக்கு வரமாட்டாள் என்று சொல்லிவிட்டாய். சொல்லிவிட்டு, அதை அவள் அப்பாவிடம் போய்ப் பக்குவமாக எடுத்துச் சொல்லும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாய். ஒத்துக்கொள்ளாவிட்டால் கல்யாணத்தைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும் என்று கடைசியில் ஒரு வரி வேறு. அந்த வரியை மட்டும் உன் அம்மாவுக்கு நான் படித்துக் காட்டவில்லை.

நான் பதுளைக்குப் போகாமல் இல்லை. போன வாரம் கடைவீதிக்குப் போய், உன் மாமனாராகப் போகிறவரின் காய்கறிக் கடையில் உட்கார்ந்தேன். மனுஷர் வியாபாரத்தை விட்டுவிட்டு எனக்கு முக்காலி போட்டார், பக்கத்துச் சாயக்கடைக்காரரிடம் சொல்லித் தேநீர் வரவழைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள், தன் மகள் படித்த படிப்பு தோட்டத்துப் பெண்களுக்கு உதவுகிறதே என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். நான் தலையை ஆட்டினேன். கத்தரிக்காய் நன்றாயிருக்கிறதே என்றேன். அரைக் கூடைக் கத்தரிக்காயோடு திரும்பி வந்தேன். உன் அம்மா மூன்று நாள் கத்தரிக்காயாகவே ஆக்கிப் போட்டு, நான்காம் நாள், பதுளைக்கு என்ன காரியமாகப் போனீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள்.

நீ எழுதிய காரணங்களை எல்லாம் நான் ஒதுக்கித் தள்ளவில்லை. மருத்துவச்சி வேலை தீட்டு வேலை என்று ஊர் பேசும் என்கிறாய். பேசும். கூப்பிட்ட நேரமெல்லாம் ஆட்கள் குடியிருக்கிற லயம் லயமாக ஏறி இறங்க வேண்டும் என்கிறாய். வாஸ்தவம்தான். பெண்டாட்டியை வேலைக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்து தின்கிறான் என்று உன் கையின் கீழ் இருக்கிற ஆட்கள் சிரிப்பார்கள் என்கிறாய். இந்தக் கடைசிக் காரணம்தான் உண்மையான காரணம், மற்ற இரண்டும் அதற்குத் துணைக்கு வந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது. தம்பி, இந்த மலையில் கொழுந்து பறிப்பது யார்? நீ குடித்த பாலும் தின்ற சோறும் யார் கூடையில் வந்தவை? ஒரு பெண் விடிந்ததிலிருந்து அந்திவரை மழையில் நனைந்து கூடை சுமந்தால் எந்த ஆண்பிள்ளைக்கும் குறைவு வருவதில்லை. அதே பெண் கையில் ஒரு மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு, நாலு பேர் மரியாதையாகக் கூப்பிட்டுப் போகிற வேலையைச் செய்தால் மட்டும் நமக்குக் குறைவு வந்துவிடுகிறது. இது என்ன கணக்கு என்று கணக்கப்பிள்ளையான நீதான் எனக்கு விளக்க வேண்டும்.

உன்னைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. நீ பயப்படுகிற அந்தச் சிரிப்புக்கு உன்னைவிட அதிகம் பயந்தவன் நான். அந்தப் பயத்தில் உன் அம்மாவுக்கு நான் ஒரு கெடுதல் செய்தேன். அது உனக்குத் தெரியாது, அப்போது உனக்கு மூன்று வயது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் துறையூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்தபோது காப்பிச் செடி செத்துக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கிப் போட்டுத் தேயிலை வைத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகாத எட்டு ஆண்பிள்ளைகள் ஒற்றையறைக் காம்பரா ஒன்றில் கிடந்தோம். அந்த எட்டுப் பேருக்கும் சமையல் நான். கருவாட்டுக் குழம்பு வைத்தேன் என்றால் அடுத்த லயத்திலிருந்து கிண்ணத்தோடு வருவார்கள். அப்போது ஒருவனும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை, கைராசிக்காரன் என்றுதான் சொன்னார்கள். கல்யாணமான மறுநாள் பழக்கதோஷத்தில் அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். வாசலில் நின்ற ஒருவன் பார்த்துவிட்டு, என்னடா, வந்த மறுநாளே உன்னை அடுப்பில் உட்காரவைத்துவிட்டாளா என்றான். அதே கை, அதே குழம்பு, அதே கருவாடு. கழுத்தில் நான் கட்டிய ஒரு தாலிக்குப் பிறகு அது வெட்கக்கேடாகிவிட்டது. நானும் எழுந்து வந்துவிட்டேன், மேற்கொண்டு பல வருஷம் அந்தப் பக்கம் போகவில்லை.

உன் அம்மாவின் கை உனக்குத் தெரியும். மட்டக்கம்பைச் செடிமேல் வைத்துப் பார்த்தால் ஒரு கொழுந்து மேலே நிற்காது, கீழே முற்றிய கரட்டிலை ஒன்று கூடைக்குள் போயிருக்காது. தேயிலை அப்போது எல்லாருக்கும் புதிது. ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்குகிற பெண்களுக்குச் செடியைத் தொடவே தெரியாது, இலையைப் பிய்த்துக் காம்பை நாசம் செய்வார்கள். துரை உன் அம்மாவைக் கவனித்துவிட்டு, புது ஆட்களுக்குப் பறிக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலையை இவளுக்குக் கொடுக்கச் சொல்லிப் பெரிய கங்காணியிடம் சொன்னார். இந்தத் தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு வேலை அதற்கு முன்னால் இருந்ததில்லை. விடியற்காலைப் பெரட்டில் எல்லாரும் களத்தில் நின்று அன்றைய வேலையைக் கேட்டுக்கொள்ளும்போது, பெண்களை இன்னான் பெண்டாட்டி, இன்னான் மகள் என்றுதான் கூப்பிடுவார்கள். உன் அம்மாவை மட்டும் "மீனாட்சி" என்று தனியாகக் கூப்பிட்டு, இன்று எந்த மலை, எத்தனை புது ஆட்கள் என்று சொல்வார்கள். அவள் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ள மாட்டாள். ஆனால் பெரட்டுக்குப் போகுமுன் அவள் இரண்டு தடவை தலை வாரிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வேலையால் அவள் வீடு திரும்ப நேரமாயிற்று. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற எங்களுக்கு அளந்து கொடுத்த வேலை, மத்தியானம் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ முடிந்துவிடும். கத்தியைக் கழுவி வைத்துவிட்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, பெண்டாட்டி மலையிலிருந்து இறங்கி வந்து அடுப்பு மூட்டட்டும் என்று காத்திருப்போம். எல்லா லயத்திலும் இதுதான் வழக்கம். இன்றைக்கும் இதுதான். உன் அம்மா இருட்டோடு வந்து, பிள்ளை மடுவத்திலிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் எடுத்து, விறகு பிளந்து, அரிசி களைவாள். ஒருநாள் அரிசி களைந்துகொண்டே தூங்கிவிட்டாள், சட்டி சரிந்து அரிசியெல்லாம் தரையில் கொட்டிவிட்டது. அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா உட்கார முடியவில்லை. மறுநாளிலிருந்து மத்தியானம் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு நானே சமைத்துவிடுவேன். அவள் முதலில் பதறினாள். பிறகு அவளுக்குப் பிடித்துவிட்டது. வந்ததும் உன்னை மடியில் போட்டுக்கொண்டு சுடச்சுடச் சாப்பிடுவாள், உப்புக் கூட, புளி குறைவு என்று எனக்கே குற்றம் சொல்வாள். லயத்துப் பெண்கள், உன் அடுப்பு மட்டும் எப்படி இத்தனை சீக்கிரம் என்று கேட்டால், விடியுமுன்னே ஆக்கிவைத்துவிடுகிறேன் என்பாள். எங்கள் வாழ்க்கையிலேயே நாங்கள் அதிகம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த நாலு மாதம் அதுதான்.

அந்த நாலு மாதமும் கதவு சாத்தியிருந்ததே தவிர, கூரையில் புகை போகாமலிருக்குமா? ஒருநாள் பெரிய கங்காணி மேல்மலையில் நின்றுகொண்டு கீழே பார்த்திருக்கிறார். பெண்களெல்லாம் மலையில் இருக்க வேண்டிய நேரத்தில் எங்கள் காம்பராவின் கூரைமேல் புகை. உன் அம்மா அன்று கீழ்மலையில் பன்னிரண்டு புதுப் பெண்களோடு இருந்தாள், அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. உடனே ஆளை அனுப்பினார். அந்த நேரத்தில் நான் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். ஆள் எங்கள் காம்பராவுக்குள் நுழைவதும், சட்டியைத் திறந்து பார்ப்பதும் பீலிக்கரையிலிருந்தே எனக்குத் தெரிந்தது. எழுந்து போய், நான்தான் சமைக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே. குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அவன் போன பிறகுதான் வீட்டுக்குப் போனேன். அந்த வாரக் கடைசியில் என்னைச் சில்லறைக் கங்காணியாக்குவதென்று பேச்சு இருந்தது. இருபது ஆட்களை மேய்க்கப் போகிறவன் பெண்டாட்டிக்குச் சோறாக்குகிறான் என்று தெரிந்தால், எந்த ஆள் என் சொல்லைக் கேட்பான் என்று நினைத்தேன்.

மறுநாள் பெரட்டில் பெரிய கங்காணி உன் அம்மாவை முன்னால் கூப்பிட்டார். நான் ஆண்கள் வரிசையில், அவளிடமிருந்து பத்தடி தூரத்தில் நின்றேன். "நேத்து வேலை நேரத்துல ஒங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சிருக்கு, சோறு கொதிச்சிருக்கு. யாரு ஆக்குனது?" என்று கேட்டார். என்னை யாரும் கேட்கவில்லை, என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆண்பிள்ளை ஆக்கியிருப்பான் என்று அந்தக் களத்தில் நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. உன் அம்மா மட்டும் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"நாந்தாங்க" என்றாள்.

வேலை நேரத்தில் வீட்டுக்கு ஓடுகிறவளை நம்பி எப்படிப் புது ஆட்களை விடுவது என்று சொல்லி, அவளிடமிருந்து அந்த வேலையை எடுத்துவிட்டார்கள். முந்தின நாளுக்கு அரைப் பேர், அரை நாள் கூலிதான் என்று எழுதினார்கள். அன்றிலிருந்து அவள் பழையபடி நிரையில் கூடையோடு நின்றாள். நாலு நாள் கழித்து எனக்குக் கோட்டும் தலைப்பாகையும் வந்தன. நான் எந்த நிரைக்குக் கங்காணி தெரியுமா? அவள் நின்ற நிரைக்குத்தான். என் பெண்டாட்டியை, இன்னான் பெண்டாட்டி என்று என் பெயரைச் சொல்லியே கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிறவனாக ஆனேன். முதல் நாள் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றபோது அவள் பொத்தானைச் சரிசெய்துவிட்டு, "இனிமே அடுப்புப் பக்கம் மட்டும் வராதீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நானும் போகவில்லை. அவள் அன்று என்னைத் திட்டியிருந்தால், ஒரு வாரம் பேசாமல் இருந்திருந்தால், எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

இப்படியே இருபத்திரண்டு வருஷம் போயிற்று. என்னை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொல்லியிருக்க மாட்டேன். உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இப்போது உன் ராஜத்துக்கு வருகிறேன். பதுளையிலிருந்து கத்தரிக்காயோடு திரும்பிய ஐந்தாம் நாள், எங்கள் லயத்தில் கடைசிக் காம்பராப் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. பக்கத்துத் தோட்டத்துக்கு ஆள் ஓடி ராஜத்தைக் கூட்டி வந்தான். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். பெண்களெல்லாம் மலையில். கவ்வாத்து முடிந்து வந்த ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேரும், இந்த வருஷம் அவர்களுக்குக் கங்காணியாக இருக்கிற நானும் இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறோம். உள்ளே போன ராஜம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்து, பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்கவைக்கச் சொன்னாள். நாங்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தோம், எந்தப் பெண்ணிடம் சொல்கிறாள் என்று. அங்கே பெண் யாரும் இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா, ஒங்களத்தான். சீக்கிரம் அடுப்பு மூட்டுங்க" என்றாள்.

நான் எழுந்துவிட்டேன். அவள் குரலில் வெட்கமோ கெஞ்சலோ எதுவும் இல்லை. ஒரு வேலை ஆக வேண்டும், ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான் அவளுக்கு. இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அடுப்பு முன்னால் குந்தினேன். கதவைச் சாத்தவில்லை. விறகு ஈரம், ஊதி ஊதிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின்னால் எவனோ ஒரு வாலிபன் களுக்கென்று சிரித்தான். கேட்டது. நான் இத்தனை வருஷமாக எதற்குப் பயந்தேனோ அந்தச் சிரிப்பு அதுதான், தம்பி. ஒரு தும்மல் அளவுகூட இல்லை. அது அடங்குவதற்குள் வலி கண்ட பெண்ணின் புருஷன் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்கு ஓடினான், இன்னொருவன் காய்ந்த விறகு கொண்டுவந்து போட்டான். சிரித்தவனைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைக்கச் சொன்னேன், வைத்தான். நாலரை மணிக்குக் குழந்தை அழுத சத்தம் கேட்டது. ஆண் குழந்தை, தாயும் சுகம். குழந்தை குறுக்கே கிடந்ததாம், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று ராஜம் கையைக் கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். நான் போட்டுக் கொடுத்த தேநீரை நின்றுகொண்டே குடித்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். உனக்கு முன்னால் பிறந்து, ஒருநாள்கூடத் தங்காமல் போன உன் அக்காவைப் பற்றி நாங்கள் உன்னிடம் அதிகம் பேசியதில்லை. அன்று இப்படி ஒருத்தி மலையேறி வந்திருந்தால் என்று, அந்தக் குடை வளைவு திரும்பும்வரை நினைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தியில் உன் அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்தாள். சாம்பலைப் பார்த்தாள், என் வேட்டியில் கரியைப் பார்த்தாள். யார் அடுப்பு மூட்டியது என்று கேட்டாள். நான்தான் என்றேன். அன்றைக்கும் நான்தான் மீனாட்சி, சொல்லாமல் விட்டுவிட்டேன், பெரிய தப்புப் பண்ணிவிட்டேன் என்றேன். அவள் ஈரப் படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்து உதறிக் கொடியில் போட்டாள்.

"இத எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டதான சொல்லணும்" என்றாள்.

அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் பெரட்டில், வேலை பிரித்து முடிந்ததும் நான் முன்னால் போய் நின்றேன். பழைய பெரிய கங்காணி செத்துப் பல வருஷமாயிற்று. துரையும் இரண்டு பேர் மாறியாயிற்று. கணக்கப்பிள்ளை உன் வயதுப் பையன். எல்லாரும் கேட்கச் சொன்னேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே களத்தில் மீனாட்சியின் வேலையைப் பறித்தார்கள், அன்று சோறாக்கியது அவள் இல்லை, நான், நான் வாயை மூடிக்கொண்டு நின்றதால் அவள் பழியை ஏற்றாள் என்று சொன்னேன். கணக்கப்பிள்ளை பாவம், ஒன்றும் புரியாமல், அதுக்கு இப்ப என்ன செய்யணும் கங்காணி என்று மரியாதையாகக் கேட்டான். ஒன்றும் செய்ய வேண்டாம், தெரிந்திருக்கட்டும் என்றேன். வாலிபர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று நினைத்திருப்பார்கள்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து முத்தாயி பேசினாள். உன் அம்மா பறிக்கக் கற்றுக்கொடுத்த அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி.

"எங்களுக்கு அன்னிக்கே தெரியும் கங்காணி. மீனாட்சி அக்கா எங்ககூடத்தான கீழ்மலையில நின்னுச்சு. அதுவே நாந்தான்னு சொன்னப்புறம் நாங்க என்னத்தச் சொல்றது?" என்றாள்.

அந்தப் பன்னிரண்டு பேரும் அவரவர் வீட்டில் சொல்லியிருப்பார்கள். லயம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. நான் சோறாக்குகிறவன் என்று தெரிந்தே இருபத்திரண்டு வருஷம் என் சொல்லைக் கேட்டு அவர்கள் வேலை செய்திருக்கிறார்கள். நான் எந்த மானத்துக்காக உன் அம்மாவின் வேலையைப் பலி கொடுத்தேனோ, அந்த மானம் அன்றைக்கே போய்விட்டிருந்தது, ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, வெட்கமும் பிடுங்கித் தின்கிறது.

ஆகவே நீ சொன்ன செய்தியை நான் பதுளைக்குக் கொண்டுபோகப் போவதில்லை. உன் கடிதத்தை இதோடு வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். நான் மௌனமாக இருந்து ஒருத்தியின் வேலையைப் போக்கினேன். நீ ஒரு வார்த்தை பேசி இன்னொருத்தியின் வேலையைப் போக்கப் பார்க்கிறாய். நான் செய்ததைவிட நீ செய்வது யோக்கியம் என்றுகூடச் சொல்லலாம், நீ வெளிப்படையாகவாவது செய்கிறாய். ஆனாலும் வேண்டாம் மகனே. ரயில்தான் இப்போது பதுளைவரைக்கும் வந்துவிட்டதே, வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியேறி வா. அவளும் தன் அப்பாவின் கடைக்கு வருவாள். அவளிடமே கேள், வேலை செய்ய உனக்கு விருப்பமா என்று. அவள் வேண்டாம் என்றால் அது அவள் பாடு. வேண்டும் என்றால், திங்கட்கிழமை காலையில் டிஸ்பென்சரி ஐயாவிடம் போய், நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று நீயே சொல். இப்போது சொல்வது சுலபம். இருபத்திரண்டு வருஷம் கழித்துச் சொன்னால் எப்படியிருக்கும் என்பதை என்னைக் கேள்.

இன்னொன்று. அவள் கூப்பிட்ட இடத்துக்குப் போய்விட்டு எந்நேரத்தில் திரும்புவாள் என்று சொல்ல முடியாது. கருவாட்டுக் குழம்பு வைப்பது கஷ்டமில்லை. புளியை முதலில் கரைத்து வை, கருவாட்டை வெந்நீரில் இரண்டு தடவை அலசு, அவசரப்பட்டுக் கிளறாதே, உடைந்துவிடும். நீ வரும்போது பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித் தருகிறேன். இந்த வாரத்தில் மூன்று நாள் நான்தான் சமைத்தேன். உன் அம்மா பழையபடி உப்புக் கூட என்கிறாள்.

இதை எழுதி முடித்ததும் அவளுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். அந்தக் கடைசி வரியோடு உன் கடிதத்தையும் சேர்த்துத்தான். அவள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள். பெரட்டில் எல்லாரும் நிற்க நான் சொன்னதைப் படித்தபோதும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முடிந்ததும், வேறு ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன்.

"எல்லாம் எழுதுனீங்க. அந்த வேலைய நான் நல்லா செஞ்சேன்னு எழுதுங்க" என்றாள்.

உன் அம்மா மீனாட்சி அந்த வேலையை நன்றாகச் செய்தாள்.